வீட்டு சிமுலேட்டரும் பிரைவேட் பைலட் பயிற்சியும்: எங்கே கைகொடுக்கும், எங்கே கெடுக்கும்

என் இரண்டாவது வகுப்பில் இன்ஸ்ட்ரக்டர் பையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்து, எனக்கு முன்னால் இருந்த விமானத்தின் இரண்டு கருவித் திரைகளையும் அதால் மூடினார். "இப்போது ஓட்டுங்கள்" என்றார். கலிஃபோர்னியாவில் லிவர்மோருக்குக் கிழக்கே, ஆல்டமான்ட் காற்றாலைகளுக்கு மேலே 3,000 அடியில் இருந்தோம். வீட்டு சிமுலேட்டரில் 140 மணி நேரம் பறந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் திரை மூடியதும், நேராகப் பறக்கும்போது மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் 400 அடி ஏறியிருந்தோம்.

அந்தப் பழக்கத்தை உதற எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. விமான வாடகை மணிக்கு 195 டாலர், இன்ஸ்ட்ரக்டருக்கு 95 டாலர். ஆக, 1,740 டாலர் போயிற்று. அதே சிமுலேட்டர்தான் பிறகு ரேடியோ பேசவும், தனியாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்கும் சோலோ கிராஸ் கன்ட்ரி போகவும் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. வித்தியாசம் அதைப் பயன்படுத்திய முறையில் இருந்தது.

அமெரிக்காவில் விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ-யின் பார்ட் 61 பயிற்சி விதிகளின்படி, செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் பழகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவின் டிஜிசிஏ விதிகள் வேறு. அவற்றை இங்கே தொடவில்லை.

1. வீட்டு மணிநேரம் லாக்புக்கில் ஏறாது

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரிலோ எக்ஸ்-பிளேனிலோ வீட்டில் 500 மணி நேரம் பறந்தாலும், உரிமத்துக்கு வேண்டிய 40 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. கணக்கில் வர வேண்டுமென்றால் அந்தக் கருவிக்கு எஃப்ஏஏ-யின் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும், இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து பாடம் நடத்தி, பறந்த நேரப் பதிவேடான லாக்புக்கில் கையெழுத்திட வேண்டும். அப்படிச் செய்தாலும் பார்ட் 61-இல் பிரைவேட் உரிமத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் கழியும்.

"எஃப்ஏஏ தரம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் உண்டு. மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கிடையாது. கருவி, திரை, மென்பொருள் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்புக்குத்தான் அனுமதி. அப்படிப்பட்ட தொகுப்பு சில ஆயிரம் டாலர் ஆகும். இரண்டரை மணி நேரத்துக்காக அதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு குழப்பமும் பலருக்கு உண்டு. பிரைவேட் பயிற்சியில் மூன்று மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க வேண்டும். அதைச் சிமுலேட்டரிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது நிஜ விமானத்தில்தான் நடக்க வேண்டும்.

2. எதையும் வாங்கும் முன் மருத்துவமும் பாதுகாப்பு அனுமதியும்

நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் கருவிகளை வாங்கினேன், அப்புறம்தான் காகித வேலையைப் பார்த்தேன். நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

மருத்துவச் சான்று: மூன்றாம் வகுப்பு போதும். மெட்எக்ஸ்பிரஸ் தளத்தில் படிவத்தை நிரப்பி, எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு 180 டாலர் ஆனது. 40 வயதுக்குள் இருந்தால் 60 மாதம் செல்லும், 40 ஆகிவிட்டால் 24 மாதம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநலம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் நேராகப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். முதலில் மருத்துவரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள்; என்னென்ன ஆவணம் வேண்டும் என்று சொல்வார். அரைகுறையாகப் போனால் கோப்பு எஃப்ஏஏ-க்குப் போய் மாதக்கணக்கில் கிடக்கும். எதையும் மறைக்கவும் கூடாது, அது குற்றம்.

டிஎஸ்ஏ அனுமதி: அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, பறக்கும் பயிற்சி தொடங்கும் முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனமான டிஎஸ்ஏ-யின் சோதனையைத் தாண்ட வேண்டும். இணைய தளத்தில் கணக்கு, பாஸ்போர்ட், விசா அல்லது கிரீன் கார்டு நகல், கைரேகை. நான் கட்டிய கட்டணம் 140 டாலர். விண்ணப்பத்திலிருந்து அனுமதி வரை எனக்கு மூன்று வாரம் ஆனது. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுங்கள். அப்பா பெயர், இனிஷியல், குடும்பப் பெயர் என்று நம் ஆட்களுக்கு ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான். ஒரு வாரம் வீணாயிற்று. நான் எச்-1பி-யில் இருந்தபடி வார இறுதிகளில் பழகினேன். எஃப்-1, பி விசாவில் இருப்பவர்கள் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்டூடண்ட் பைலட் சான்று: ஐஏசிஆர்ஏ என்ற தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. சோலோவுக்கு முன் கையில் இருந்தால் போதும், ஆனால் வர சில வாரங்கள் ஆகலாம் என்பதால் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். சான்றுக்கு 16 வயது, உரிமத்துக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும்.

டிஎஸ்ஏ-க்குக் காத்திருக்கும் வாரங்களில் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கலாம். வீட்டு சிமுலேட்டருக்கும் எந்த அனுமதியும் வேண்டாம், ஆனால் அதை முதல் ஐந்து வகுப்புக்குப் பிறகு தொடங்குவதே நல்லது; ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

பள்ளியில் சேரும்போது ஓர் எச்சரிக்கை. தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஓரிடத்தில் 5,000 டாலர் முன்பணம் கட்டினேன். இரண்டு மாதத்தில் என் இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைன் வேலைக்குப் போய்விட்டார், மாற்று ஆள் கிடைக்கவில்லை. மீதிப் பணத்தைத் திரும்பப் பெற நான்கு மாதம் அலைந்தேன். ஒவ்வொரு பறப்புக்கும் அன்றன்றே பணம் கட்டுங்கள்.

3. என்ன வாங்குவது

ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஏற்கெனவே இருந்தால் 500 முதல் 600 டாலருக்குள் முடிக்கலாம்.

முதல் பணத்தை ரட்டர் பெடலில் (வாலின் திசைத் தகட்டைக் காலால் இயக்குவது) போடுங்கள். எல்லோரும் யோக்கைத்தான் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) முதலில் வாங்குவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரட்டரை இயக்கிப் பழகியதால் என் கால்கள் தூங்கிப்போயின. நிஜ விமானம் ஏறும்போது இடது பக்கம் இழுக்கும். வலது காலை அழுத்தியே தீர வேண்டும். தரையில் ஓட்டுவதும் காலால்தான். லாஜிடெக், த்ரஸ்ட்மாஸ்டர் பெடல்கள் 130 முதல் 170 டாலருக்குள் கிடைத்தன. அப்புறம் யோக்: லாஜிடெக் 170, ஹனிகோம்ப் ஆல்ஃபா 280 டாலர் வாக்கில். இரண்டில் எதுவானாலும் சரி. ஹனிகோம்ப் இழுக்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் நிஜ விமானத்தின் எடை எதிலும் வராது.

மென்பொருளில் எதை எடுப்பது என்று பெரிய சண்டை நடக்கும். வெளியே கண்ணால் பார்த்து வழி கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் நல்லது. நீங்கள் நிஜமாகப் பறக்கப்போகும் சாலை, ஏரி, குன்று எல்லாம் அப்படியே தெரியும். எக்ஸ்-பிளேன் 12-இல் கடிகார முள் வகை 172-உம், கண்ணாடித் திரை வகை 172-உம் கூடவே வருகின்றன. உங்கள் பள்ளி விமானம் எந்த வகையோ அதைப் பொறுத்து முடிவெடுங்கள். இரண்டையும் வாங்காதீர்கள்.

மூன்று திரை, நகரும் நாற்காலி, பளபளக்கும் சுவிட்ச் பலகை எதுவும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நிஜ விமானத்தில் ஐந்தாறு மணி நேரம் பறக்கலாம்.

4. முதல் ஐந்து வகுப்பு முடியும் வரை சிமுலேட்டரை மூடி வையுங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் 1,740 டாலர் இங்கேதான் போனது.

வீட்டில் திரை சிறியது. அடிவானம் கையகல அகலம்தான் தெரியும். மூளை தானாகவே கருவிகளை நம்பத் தொடங்கிவிடும். ஆனால் பிரைவேட் பைலட் பத்தில் ஒன்பது பங்கு நேரம் வெளியே பார்க்க வேண்டியவர். மற்ற விமானங்களைக் கண்ணால் கண்டு விலகுவது நம் பொறுப்பு. நிஜ விமானத்தில் மூக்கு எங்கே நின்றால் நேர்ப்பறப்பு, எங்கே நின்றால் ஏற்றம், 30 டிகிரி சாய்ந்தால் ஜன்னல் வழியே என்ன தெரியும் என்பது முதலில் கண்ணில் பதியட்டும். டிரிம் சக்கரத்தைச் சுற்றும்போது கையின் பாரம் குறைவதை உணருங்கள். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்தால், சிமுலேட்டரில் எது பொய் என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே பல வருடம் சிமுலேட்டர் ஆடியவர் என்றால் முதல் நாளே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிடுங்கள். "என் திரையை மூடிவிடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

5. சிமுலேட்டரை உங்கள் பள்ளி விமானமாக மாற்றுங்கள்

ஐந்து வகுப்பு முடிந்ததா? சரி, இப்போது தொடங்கலாம். விமானத்தின் கையேட்டை நகலெடுத்து மேசையில் வையுங்கள். நான் பழகிய 172எஸ்-இல் மூக்கைத் தூக்கும் வேகம் 55 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), சிறந்த ஏற்றம் 74, இன்ஜின் நின்றால் சறுக்க 68, ஃபிளாப்பை (இறக்கையின் பின்னோர மடல்) முழுதாக இறக்கி இறங்க 60 முதல் 70. பழைய 172-களில் இந்த எண்கள் மாறும், சிலவற்றில் வேகமானி மைல் கணக்கில் இருக்கும். சிமுலேட்டரில் ஒரு விமானத்தின் எண்ணும் நிஜத்தில் வேறு எண்ணும் மனப்பாடமானால், இறங்கும் நேரத்தில் தப்பான எண்தான் நினைவுக்கு வரும்.

எடையையும் சரியாகப் போடுங்கள்: நீங்கள், இன்ஸ்ட்ரக்டர், அன்றைய எரிபொருள். முதல் சோலோவுக்கு முந்தைய வாரம் இன்ஸ்ட்ரக்டரின் எடையை மட்டும் எடுத்துவிட்டுச் சில சுற்றுகள் வந்தேன். நிஜ சோலோவில் விமானம் துள்ளி ஏறியபோது நான் பதறவில்லை.

பள்ளியின் செக்லிஸ்ட்டை அச்சிட்டுக் கையில் வைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லி, சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தொட்டுச் செய்யுங்கள். பறப்பை இடையில் நிறுத்தி வைக்கும் பாஸ் (pause) பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். பாதியில் யாராவது கூப்பிட்டால் அந்தப் பறப்பை அங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். குழப்பம் வரும்போது நிறுத்தி யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால், வானில் கை தானாக அந்தப் பொத்தானைத் தேடும்.

6. முந்தைய இரவு 30 நிமிடம், அடுத்த நாள் 20 நிமிடம்

நீண்ட நேரம் பறப்பதால் பயனில்லை. நாளைய வகுப்பில் என்ன என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு, அதை மட்டும் இரவில் இரண்டு முறை செய்யுங்கள். வகுப்பு முடிந்த மறுநாள், எங்கே தடுமாறினீர்களோ அதை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

உதாரணத்துக்கு, இறங்கும் சுற்று. ரன்வேயின் எண்ணுக்கு நேரே வந்ததும் பவரைக் குறை, ஃபிளாப் 10, பேஸில் (ரன்வேக்குக் குறுக்கே திரும்பும் பகுதி) 20, ஃபைனலில் (ரன்வேக்கு நேரான கடைசிப் பகுதி) முழு ஃபிளாப், 65 நாட். இந்த வரிசை நிஜத்தில் ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிடும். வீட்டில் நாற்பது முறை செய்தால் கை தானாகப் போகும், கண்ணுக்கு வெளியே பார்க்க நேரம் கிடைக்கும். இன்ஜின் செயலிழப்பும் அப்படித்தான்: 68 நாட், இறங்க இடம், பிறகு எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (காற்று-எரிபொருள் கலவை), இக்னிஷன், பிறகு ரேடியோ. இதை எதிர்பாராத நேரத்தில் பழக வேண்டும். சிமுலேட்டரில் இன்ஜின் தானாக நிற்கும்படி அமைக்கலாம். நான் என் மகளிடம் மவுஸைக் கொடுத்து, "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும்மா" என்று சொல்லிவிடுவேன்.

லிவர்மோரில் கோடை மாலைகளில் ஆல்டமான்ட் பக்கம் காற்று பலமாக அடிக்கும். எனக்குப் பல வகுப்புகள் ரத்தாயின. ரத்தான நேரத்திலேயே, அதே பாடத்தை வீட்டில் செய்துவிடுங்கள். இரண்டு வாரம் இடைவெளி விழுந்தாலும் வரிசை மறக்காது.

7. ரேடியோ: சிமுலேட்டர் உண்மையாகவே காசு மிச்சப்படுத்தும் இடம்

நம்மில் பலர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவோம், ஆனால் வேகமாகப் பேசுவோம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரில் இருப்பவர் "சே அகெய்ன்" என்று இரண்டு முறை கேட்டதும் எனக்கு நா எழவில்லை. அந்தப் பதற்றத்தில் விமானம் 200 அடி இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

முதல் படி, கேட்பது. லைவ் ஏடிசி (ஏடிசி என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) தளத்தில் பல விமான நிலையங்களின் உரையாடல் நேரடியாக ஓடும். உங்கள் நிலையம் இருந்தால் தினமும் பாத்திரம் கழுவும்போதோ கார் ஓட்டும்போதோ 15 நிமிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி, ஓர் அட்டையில் நான்கு வரி எழுதுங்கள்: யாரை அழைக்கிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும். "லிவர்மோர் டவர், ஸ்கைஹாக்..." என்று விமானப் பெயரையும் (செஸ்னா 172-தான் ஸ்கைஹாக்) எண்ணையும் சொல்லி, "ஸ்டூடண்ட் பைலட், ஓவர் ஆல்டமான்ட், டூ தௌசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், இன்பவுண்ட் ஃபார் லேண்டிங் வித் டெல்டா." டெல்டா என்பது நீங்கள் கேட்டுவிட்ட நிலைய வானிலை ஒலிபரப்பின் அடையாள எழுத்து. ஸ்டூடண்ட் பைலட் என்பதை விட்டுவிடாதீர்கள், அதைக் கேட்டதும் அவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். 9-ஐ "நைனர்" என்று சொல்லுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே சிறு இடைவெளி விடுங்கள்.

மூன்றாம் படி, டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. என் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அட்டையிலிருந்து டவர் மாதிரி வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன். லிவர்மோரில் 25 இடது, 25 வலது என்று இரண்டு ரன்வே. வலது 5,000 அடிக்கு மேல், இடது 3,000 அடிக்கும் குறைவு. எந்த ரன்வே என்பதையும், "ஹோல்ட் ஷார்ட்" என்பதையும் தவறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். மனைவி வேண்டுமென்றே மாற்றி வாசிப்பார், நான் பிடிக்க வேண்டும். பத்து நாளில் காது கூர்மையாகிவிட்டது.

நான்காம் படி, மனிதர்களுடன் பேசுவது. சிமுலேட்டரில் பறப்பவர்கள் இணையத்தில் ரேடியோ பேசிப் பழகும் வாட்சிம் இலவசம், தன்னார்வலர்கள் கட்டுப்படுத்துவார்கள். ஆனால் உங்கள் சின்ன விமான நிலையத்தில் அந்த நேரம் யாராவது இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதே போன்ற பைலட்எட்ஜ் மாதச் சந்தா கேட்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தினமும் 15 மணி நேரம் கட்டுப்பாட்டாளர்கள் இருப்பார்கள். படிப்படியான பயிற்சிகளும் அதில் உண்டு. சோலோவுக்கு முன் இரண்டு மாதம், கிராஸ் கன்ட்ரிக்கு முன் ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டினேன். நான் செலவிட்டதில் மிகப் பயனுள்ள பணம் இதுதான் என்பேன். சிமுலேட்டருக்குள்ளேயே வரும் கணினி ஏடிசி வேண்டாம். அதில் பட்டனைத் தேர்ந்தெடுத்தால் அதுவே பேசிவிடும். உங்கள் வாய் பழகாது.

8. கிராஸ் கன்ட்ரியை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள்

நீண்ட சோலோ கிராஸ் கன்ட்ரி மொத்தம் 150 நாட்டிகல் (கடல்) மைல், மூன்று இடங்களில் முழுமையாக இறங்கி நிற்க வேண்டும், ஒரு கட்டமாவது 50 நாட்டிகல் மைலுக்கு மேல் இருக்க வேண்டும். நான் லிவர்மோர், சாலினாஸ், மெர்செட், மறுபடி லிவர்மோர் என்று போனேன்.

முதலில் காகிதத்தில் திட்டமிடுங்கள்: திசை, காற்று, நேரம், எரிபொருள். பிறகு சிமுலேட்டரில் அன்றைய நிஜ வானிலையைப் போட்டு, ஜிபிஎஸ்-ஐ அணைத்துவிட்டுப் போங்கள். சாலினாஸிலிருந்து மெர்செட் போகும்போது 5,500 அடியில் மலையைக் கடந்ததும் இடப்பக்கம் சான் லூயிஸ் நீர்த்தேக்கம், அடுத்து ஐ-5 நெடுஞ்சாலையும் அதை ஒட்டிய கால்வாயும், கடைசியில் 99-ஆம் நெடுஞ்சாலை. வீட்டில் இரண்டு முறை பார்த்திருந்ததால், தனியாகப் போன அன்று அந்த நீர்த்தேக்கம் தெரிந்தபோது ஊர் எல்லைக்கோவிலைப் பார்த்தது போல நிம்மதியாக இருந்தது.

ஐபேடில் ஃபோர்ஃபிளைட் என்ற வரைபடச் செயலி இருந்தால், ஒரே வைஃபையில் வைத்துச் சிமுலேட்டருடன் இணைக்கலாம். அதன் பொத்தான்களை வானில் தேடாமல் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஐபேடை அணைத்துவிட்டு, வேறொரு நிலையத்துக்குத் திரும்பும் பயிற்சியும் செய்யுங்கள். உரிமத் தேர்வில் இது கட்டாயம் வரும்.

9. வீட்டில் பழகக் கூடாதவை

ரன்வேயைத் தொடும் கடைசி 20 அடி. அதற்கு ஓரப்பார்வை வேண்டும், இருக்கையில் உடல் அமுங்கும் உணர்வு வேண்டும். திரையில் இரண்டும் இல்லை. சிமுலேட்டரில் அழகாக இறங்குபவர்கள் நிஜத்தில் உயரத்திலேயே மூக்கைத் தூக்கி, தொப்பென்று விழுகிறார்கள். வீட்டில் 200 அடி வரை வந்து, வேகமும் கோணமும் சரியா என்று பார்த்துவிட்டு, முழு பவர் கொடுத்து மேலே போய்விடுங்கள். மேலே போகும் வரிசையும் அதில் பழகிவிடும்.

ஸ்டால் (இறக்கை தூக்கும் திறனை இழப்பது), பக்கக் காற்றில் இறங்குதல் இரண்டும் அப்படித்தான். நிஜத்தில் ஸ்டாலுக்கு முன் விமானம் நடுங்கும், கட்டுப்பாடு தளர்ந்து குழைவது கையில் தெரியும். வீட்டில் வரிசையை மட்டும் வாயால் சொல்லிப் பார்க்கலாம். உணர்வை விமானத்தில்தான் கற்க வேண்டும்.

10. செலவும் காலமும்

விதி 40 மணி நேரம் என்று சொன்னாலும், வார இறுதிகளில் மட்டும் பறப்பவர்களுக்கு 60-ஐத் தாண்டுவது சாதாரணம். எனக்கு 68 மணி நேரமும் 14 மாதமும் ஆயின. விமானத்துக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கும் சேர்த்து 18,000 டாலர். எழுத்துத் தேர்வு 175 டாலர். 60 கேள்விகள், 70 சதவீதம் எடுக்க வேண்டும், முடிவு 24 மாதம் செல்லும். தேர்வாளர் கட்டணம் எனக்கு 900 டாலர். சிமுலேட்டருக்கு மொத்தம் 620 டாலர், ரேடியோ சந்தா தனி.

தேர்வாளர்கள் குறைவு, நான் ஏழு வாரம் காத்திருந்தேன். 50 மணி நேரம் தொடும்போதே தேதி கேட்டு வையுங்கள். சும்மா காத்திருக்கும் வாரங்களில் கையின் பழக்கம் மங்கும், அதை மீட்க மறுபடி காசு போகும்.

தேர்வு நாளுக்குக் கொண்டுபோக வேண்டியவை: அரசு அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஸ்டூடண்ட் சான்று, எழுத்துத் தேர்வின் முடிவுத்தாள், எல்லாக் கையெழுத்தும் உள்ள லாக்புக், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகள், தேர்வாளருக்கான கட்டணம். காசோலையா, ரொக்கமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, தேர்வாளர் கொடுத்த கிராஸ் கன்ட்ரி பாதையின் முதல் கட்டத்தை ஒரு முறை சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். முந்தைய நாள் அதைத் தொட வேண்டாம். அன்று முடிந்தால் இன்ஸ்ட்ரக்டருடன் நிஜ விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு, சீக்கிரம் தூங்கப் போங்கள்.